கோயில்ல (நம்ம கிறிஸ்தவக் கோயில்) நடந்தது, இன்னும் மனசை விட்டுப் போகாதது: உங்க சபையில உங்களுக்கு ஒண்ணு இருக்கா?

தேரிமண்

சாத்தான்குளம் பக்கம் எங்க ஊரு. கைப்பிடி அரிசி பத்தி இங்க யாருக்கும் சொல்ல வேண்டியதில்ல. உலை வைக்கும்போது ஒரு பிடி எடுத்துத் தனிப்பானையில போட்டு, ஞாயித்துக்கிழமை கோயிலுக்குக் கொண்டு வருவாவ. வர முடியாத வீடுகளுக்கு சனிக்கிழமை சாயந்தரம் ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகள் நாங்க பையைத் தூக்கிட்டுப் போவோம். அப்ப எனக்கு 11 வயசு.

தெருக்கடைசி வீடு. அந்த அம்மாவோட வீட்டுக்காரர் பனையில இருந்து விழுந்து செத்து ஒரு வருஷம் ஆகல. ரெண்டு சின்னப் பிள்ளைகள். நான் வாசல்ல நின்னு பையை விரிச்சுப் பிடிச்சேன். அவங்க வெறுங்கையோட வந்தாவ. பைக்குள்ள எட்டிப் பாத்தாவ. கையை உள்ள விட்டு ஒரு பிடி அள்ளி முந்தியில போட்டுக்கிட்டாவ. ஒரே ஒரு பிடி. "நாளைக்கி உபதேசியார்கிட்ட நானே சொல்லிக்கிடுதேன் ராசா"ன்னாவ. உபதேசியார்னா ஊர்ச் சபையைப் பாத்துக்கிடுறவர். அடுப்பு பத்த வைக்காத வீட்டுக்குன்னு ஒரு வாடை உண்டு, அது இப்பவும் எனக்குத் தெரியும்.

அவங்க சொல்லுறதுக்கு முந்தி நான் சொல்லிட்டேன். அன்னைக்கி ராத்திரியே, அரிசி அளக்கும்போது, பத்துப் பொம்பளைங்க உக்காந்திருக்கையில. "கடைசி வீட்டுல போடல, எடுத்துட்டாவ." சரியாக் கணக்குச் சொன்னேன்னு எனக்குப் பெருமை. மறுநாள் அவங்க கோயிலுக்குள்ள வரல. வெளிய வேப்பமரத்தடியில பிள்ளைகளோட உக்காந்து ஆராதனை முடியிற வரைக்கும் கேட்டுட்டுப் போனாவ. ரொம்ப நாள் அப்பிடித்தான்.

உங்களுக்கும் இப்பிடி ஏதாவது இருந்தா எழுதுங்க.

பழைய பேரேடு

தம்பி, நான் எங்க சேகரத்தில் (பல ஊர்ச் சபைகள் சேர்ந்தது) 14 வருஷம் பொருளாளராக இருந்தவன். என் கதை சின்னது. ஒரு பிரதிஷ்டைப் பண்டிகைக்கு முந்தின ஞாயிறு, சங்கக் காணிக்கை பாக்கி வைத்திருப்பவர்கள் பேரைக் கோயிலில் வாசித்தேன். ஐந்தாவது பேர் வாசித்ததும் பின்வரிசையில் ஒரு பெரியவர் எழும்பி, வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டு வெளியே நடந்தார். அதற்கப்புறம் நான் யார் பேரையும் வாசித்ததில்லை.

இனி உங்கள் விஷயம். முதலாவது, இந்த வேலைக்குப் பிள்ளைகளை அனுப்பவே கூடாது. வீட்டுக்குள் என்ன நிலைமை என்று பெரியவர்களுக்குத்தான் பார்த்துப் புரியும். பைக்குப் பதிலாக வாய் குறுகின டப்பா வைத்தால் யார் எவ்வளவு போட்டார்கள் என்று யாருக்கும் தெரியாது. அரிசியை வீட்டு வாரியாக அளக்கவே வேண்டாம், எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டி அளந்தால் போதும். சிட்டையில் பேர் எழுதுவதையும் நிறுத்திவிடலாம். அந்த அரிசியை ஏலம் விட்டு வருகிற பணத்தை மட்டும் வரவு வையுங்கள். அதில் நாலில் ஒரு பங்கை ஊருக்குள்ளேயே இருக்கிற ஏழைகளுக்கென்று ஒதுக்கி, அதைக் கொடுக்கும் பொறுப்பைப் பெண்கள் ஐக்கிய சங்கத்தில் ஒரே ஒரு அம்மாவிடம் விட்டுவிடுங்கள், கமிட்டியில் விவாதிக்க வேண்டாம். கமிட்டியில் பேசினால் மறுநாள் டீக்கடைக்கு வந்துவிடும். இரண்டாவது, நீங்கள் அந்த வீட்டுக்கு நேரில் போங்கள். ஒரு மூடை அரிசி வாங்கிக்கொண்டு போங்கள். தள்ளிப்போடாதீர்கள்.

வடலிவிளை

பழைய பேரேடு அண்ணாச்சி சொல்றதுல எனக்குச் சம்மதமில்ல. பிள்ளைகள் போகணும். பாளையங்கோட்டையில 1903-ல இந்திய மிஷனெரி சங்கம் ஆரம்பிச்சப்ப, வெளிநாட்டுப் பணம் வாங்கக்கூடாது, நம்ம ஆள், நம்ம காசுன்னு உறுதியா நின்னாவ. வெள்ளாளன்விளையில பிறந்த அசரியா ஐயர் (போதகரை நாங்க ஐயர்னுதான் சொல்லுவோம்) அதுக்கு முதல் செயலாளர். அப்புறம் அவரே தெலுங்கு நாட்டுத் தோர்ணக்கல்லுக்குப் போயி, 1912-ல ஆங்கிலிக்கன் சபையில முதல் இந்தியப் பேராயரா ஆனாவ. தெலுங்கு நாட்டுக்கு ஆள் அனுப்ப இந்தக் காட்டு ஜனங்க கொடுத்த காணிக்கைதான் ஆதாரம். பையைச் சுமந்து வளந்த பிள்ளைக்குத்தான் கொடுக்கிறதுன்னா என்னன்னு தெரியும்.

என் கதை அசனம், அதான் கோயில்ல எல்லாருக்கும் போடுற விருந்து. முந்தின ராத்திரி ஆம்பளைங்க அடுப்பு வெட்டி, விடியுமுன்ன சோறு வடிச்சு ஓலைப்பாயில குவிச்சிருப்பாவ. விறகு எப்பவும் மேலத்தெருவுல இருந்து வரும். அந்த அண்ணாச்சி சுடலைமாடன் கோயில் சாமியாடி. ஒரு வருஷம் ரெண்டு தெருவுக்கும் பாதைத் தகராறு, போலீஸ் வரைக்கும் போச்சு. விறகு வராதுன்னு எங்கப்பா பழைய பனந்தடியைப் பிளந்துட்டு இருந்தாவ. ராத்திரி ரெண்டு மணிக்கு மாட்டுவண்டிச் சத்தம். இறக்கிப் போட்டாவ, பேசல, போயிட்டாவ.

மத்தியானம் எங்கம்மா தூக்குச்சட்டி நிறையக் கறியும் சோறும் போட்டு அந்த மேலத்தெரு அண்ணாச்சிக்கு என்கிட்ட குடுத்து விட்டாவ. அவங்க ரெண்டு கையாலயும் வாங்கிக்கிட்டாவ. மறுநாள் சட்டி விளக்கி வந்துச்சு, உள்ள ரெண்டு கருப்பட்டி. அந்த வாரம் அவங்க சுடலைமாடன் கோயில் கொடைத் திருவிழாவுக்கு விரதம் இருந்தாவங்கிறது எனக்குப் பத்து வருஷம் கழிச்சுத்தான் தெரியும். கறிச் சட்டியைக் கையில தொட்டிருக்கவே கூடாது. அந்தக் கையை நான் பாத்தேன், தயங்கவே இல்ல.

மில்ஐல் மழை

பணகுடிக்காரி. இப்ப வட அயர்லாந்துல நர்ஸ்.

எங்க ஆச்சி டோனாவூர் ஆஸ்பத்திரிச் சமையல்கட்டுல வேலை பாத்தாவ. அங்க மிஷனெரியா இருந்த ஏமி கார்மைக்கேல் அம்மையார் பத்தி ஆச்சி சொல்லிச் சொல்லி வளந்தவ நான். 1901-ல டோனாவூருக்கு வந்து, 1951-ல சாகிற வரைக்கும் ஊருக்குத் திரும்பவே இல்ல. கல்லறையில பேர்க்கல்லு வேண்டாம்னுட்டாங்க, பறவை தண்ணி குடிக்கிற கல்தொட்டிதான் இருக்கு. பள்ளிக்கூட லீவுக்குப் போனா அதுல மைனா குளிக்கிறதைப் பாத்துட்டு நிப்பேன்.

அவங்க பிறந்த மில்ஐல் கடற்கரை ஊர் இங்கதான். பிரெஸ்பிடேரியன் குடும்பம். பெல்ஃபாஸ்ட்ல தலையில சால்வை போட்டுட்டு மில்லுக்குப் போற ஏழைப் பொண்ணுங்களுக்கு சபைக் கட்டடத்துல வகுப்பு எடுத்தவங்க. அந்தப் பொண்ணுங்களை உள்ள விட்டதுல சபையார் சில பேருக்கு வருத்தமாம்.

போன வருஷம் இங்க ஒரு பிரெஸ்பிடேரியன் கோயிலுக்குத் திருவிருந்து ஞாயிறு போனேன். நம்ம வழக்கப்படி எழும்பி, முன்னால போயி முழங்கால் போடணும்னு நின்னுட்டேன். யாரும் எழும்பல. மூப்பர்கள் அப்பத்தையும் சின்னச் சின்னக் கிண்ணத்துல ரசத்தையும் தட்டுல வச்சு வரிசை வரிசையாக் கொண்டு வாராங்க, ஒருத்தர் வாங்கிப் பக்கத்துல இருக்கவங்களுக்குக் கொடுக்கணும். நான் மட்டும் நடுவுல நிக்கிறேன். பக்கத்துல இருந்த கிழவி என் கோட்டு நுனியைப் பிடிச்சு மெதுவா இழுத்து உக்கார வச்சுட்டு, தட்டை என் மடிக்கு நேரா நீட்டினா. கை நடுங்குது அவளுக்கு. நான் தட்டுக்குக் கீழ கையை வச்சுத் தாங்கிக்கிட்டேன். ரெண்டு பேரும் சேந்து பிடிச்சுட்டுத்தான் நான் வாங்கினேன். அவ பேரு கூடத் தெரியாது. ஆச்சிகிட்ட இதைச் சொல்ல ஆச்சி இல்ல.

கோபுரநிழல்

தங்கச்சி எழுதினது மனசைத் தொட்டது. ஆனா அது அவங்க முறை. நம்ம நாடு எஸ்.பி.ஜி.யும் சி.எம்.எஸ்ஸும் உழுத நிலம், ரெண்டும் இங்கிலாந்து ஆங்கிலிக்கன் மிஷனெரி சங்கங்கள். மெஞ்ஞானபுரம், இடையன்குடி, நாசரேத், சாயர்புரம் எல்லாம் அப்படித்தான். பிரெஸ்பிடேரியனுக்கும் நமக்கும் ஒட்டே கிடையாது. முழங்கால் போட்டு வாங்குறதை விட்டுக்கொடுத்தா நாளைக்கி வேற என்னத்தை விடுவோம்?

மெஞ்ஞானபுரம் கோயில் 192 அடி கோபுரத்துக்குக் கீழ நின்னு எங்க பாட்டையாவை அடக்கத்துக்குக் கொண்டு போனப்ப அடிச்ச மணி, அதான் என்னோடது. அதுக்கு மேல எழுத வரல.

ஆறாம் வகுப்பு வாத்தியார்

கோபுரநிழல் தம்பிக்கு. "ஒட்டே கிடையாது" என்பது சரியல்ல. பிரெஸ்பிடேரியன் என்ற சொல்லே மூப்பர் என்ற கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. பேராயர் இல்லாமல், சபை தேர்ந்தெடுத்த மூப்பர்களும் போதகரும் சேர்ந்து நடத்துவது அவர்கள் முறை. தென்னிந்தியாவில் பிரெஸ்பிடேரியன், காங்கிரிகேஷனல் சபைகள் 1908-ல் இணைந்து தென்னிந்திய ஐக்கிய சபை ஆயின. 1947 செப்டம்பர் 27 அன்று சென்னை செயிண்ட் ஜார்ஜ் கதீட்ரலில் அவர்களும், மெதடிஸ்டுகளும், நம் ஆங்கிலிக்கன் சபையும் ஒன்றாகி சி.எஸ்.ஐ. என்கிற தென்னிந்தியத் திருச்சபை பிறந்தது. பேராயரை வைத்துக்கொண்டோம், ஆனால் நம் ஐயர்மார்களை இன்று பிரஸ்பிட்டர் என்றுதான் சொல்கிறோம். அந்தப் பேர் உங்கள் கோயில் அறிவிப்புப் பலகையிலேயே இருக்கும், பாருங்கள்.

இன்னொன்று. குருப்பட்டம் யார் கொடுப்பது என்ற சண்டை இங்கேயே நடந்திருக்கிறது. ரேனியஸ் ஐயர் 1820-ல் பாளையங்கோட்டைக்கு வந்த சி.எம்.எஸ். மிஷனெரி, லுத்தரன். சுற்று வட்டாரமெங்கும் சபைகளும் பள்ளிகளும் எழும்பியது அவர் காலத்தில். ஆங்கிலிக்கன் முறைமையைக் கண்டித்து எழுதினதற்காக 1835-ல் சி.எம்.எஸ். அவரை விலக்கியது. போனவரை உபதேசியார்கள் திரும்பக் கூப்பிட்டார்கள். வந்தார். சபைகள் இரண்டாகப் பிரிந்து நின்றன. 1838-ல் இறந்துபோனார், அதற்குப் பின்புதான் பிளவு ஆறியது.

என் அனுபவம் இதுதான். பாளையங்கோட்டையில் அவர் கல்லறைக்குப் பிள்ளைகளை அழைத்துப் போயிருந்தேன். ஒரு பையன் கேட்டான்: "சார், இவங்க நம்ம ஆளா, பிரிஞ்சு போன ஆளா?" நான் 22 வருஷம் வரலாறு சொல்லிக்கொடுத்தவன். வாய் திறக்க முடியவில்லை. வெயில் ஏறுகிறது, பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று சொல்லி வரிசையில் நிற்க வைத்துக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

மூணாவது ஓலை

என்னோடதையும் எழுதிடுறேன், வேற எங்கயும் எழுதினதில்ல.

எனக்கு ஓலை வாசிச்சாங்க, அதான் கல்யாணத்துக்கு முந்தி மூணு ஞாயிறு பொண்ணு மாப்பிள்ளை பேரைக் கோயில்ல அறிவிக்கிறது. ரெண்டு ஞாயிறு முடிஞ்சது. மூணாவது வாரத்துக்குள்ள மாப்பிள்ளை வீட்டுல பேசினதுக்கு மேல 30 பவுன் கேட்டாங்க. அப்பா வயலை விக்க ஆள் பாத்துட்டு வந்தாங்க. ஓலை வாசிக்கிற நாள் பொண்ணு கோயிலுக்குப் போகக்கூடாதுன்னு ஆச்சி சொன்னதைக் கேக்காம நான் போனேன். ஐயர் ரெண்டு பேரையும் வாசிச்சு, தடை இருந்தா இப்பவே சொல்லணும்னு கேட்டுட்டு, வழக்கம் போல அடுத்த அறிவிப்புக்குப் போகப் பாத்தார். நான் எழும்பினேன். "எனக்குச் சம்மதமில்ல ஐயரே." அவ்வளவுதான்.

ஃபேன் சத்தம் மட்டும் கேட்டுது. ஐயர் கண்ணாடியைக் கழட்டிட்டு, "சரிம்மா"ன்னார். பெஞ்சுல என் பக்கத்துல யாருமில்ல, நான் தள்ளி ஓரமா உக்காந்திருந்தேன். முன்வரிசைல இருந்து எங்க பெரியம்மை எழும்பி, பாமாலைப் புஸ்தகத்தையும் பையையும் எடுத்துக்கிட்டு, முழுக்கோயிலும் பாக்க நடந்து வந்து என் பக்கத்துல உக்காந்தாங்க. என்னைப் பாக்கல. புஸ்தகத்தை விரிச்சு எந்த எண்ணுன்னு தேடினாங்க. அப்பாவோட ஆறு வருஷம் பேசாம இருந்தவங்க அவங்க.

தேரிமண்

எல்லாத்தையும் வாசிச்சேன். மூணாவது ஓலை அக்கா, உங்க பெரியம்மையை நினைச்சிட்டே இருக்கேன்.

பழைய பேரேடு அண்ணாச்சி, வீட்டுக்குப் போகச் சொன்னீங்க. அந்த அம்மா இப்ப இல்ல. நான் வெளியூர்ல இருக்கையில போயிட்டாவ, அடக்கத்துக்கு வரல. மூத்த பையன் எங்க ஊர்லயே கோயில்பிள்ளையா இருக்காவ. மணி அடிக்கிறது, மெழுகுவத்தி ஏத்துறது, அரிசி அளக்குறது எல்லாம் அவருதான். ஊருக்குப் போனா ஞாயித்துக்கிழமை எனக்குக் கதவைத் திறந்து விட்டு, "வாங்க அத்தான், எப்ப வந்தீய"ன்னு கேக்காரு. அந்த ராத்திரி நான் சொன்னது அவருக்குத் தெரியுமா தெரியாதான்னு அவரு முகத்தைப் பாத்துக் கண்டுபிடிக்க முடியல. போன அறுப்பின் பண்டிகைக்கு அவரு நீட்டுன பையில அரிசியைப் போட்டுட்டு நின்னேன். "நகருங்க அத்தான், பின்னால ஆளு நிக்காவ"ன்னாரு.