போர் விமானம் விழுந்த தெரு: மண்ணை அள்ளியாச்சு, வீட்டுக்குத் திரும்பிப் போகலாமா?

கடைசிவீடு:
எங்க தெருவுல பயிற்சிக்குப் போன போர் விமானம் விழுந்துச்சு, விழுந்த இடம் எங்க வீட்லேர்ந்து நாலு வீடு தள்ளிதான். முழு சூட், மாஸ்க்னு வந்த ஆளுங்க எரிஞ்ச பாகங்க மேல பால் கலர்ல எதையோ ஸ்ப்ரே பண்ணாங்க, அப்புறம் லாரி லாரியா மண்ணை அள்ளிட்டுப் போனாங்க. இப்போ "சுத்தம் பண்ணியாச்சு, வரலாம்"னு ஒரு பேப்பர். எரிபொருள் வாடை போயிடுச்சுதான், ஆனா ஜன்னல் ஓரத்துல கருப்பா நூல் நூலா ஏதோ கெடக்கு, தொட்டா குத்துது. பின்னாடி காய்கறிச் செடி இருக்கு, கிணறும் இருக்கு, சின்ன பசங்க வேற. அந்தப் பேப்பரை நம்பலாமா?

நேர்வழி:
ஓவரா பயப்படாதீங்க. ஜெட் எரிபொருள் கிட்டத்தட்ட மண்ணெண்ணெய்தான், நாலு நாள் வெயில் அடிச்சா ஆவியாயிடும்.

மண்வாசனை:
நான் மண் மாசு டெஸ்ட் பண்ற வேலைல இருக்கேன். நேர்வழி சொன்னது பாதி சரி, லேசான பகுதி ஆவியாயிடும், ஆனா நாப்தலீன் மாதிரி கனமானது மண்ணுக்குள்ள தங்கிடும், ஆழமா இறங்கியிருந்தா அந்த ஆவி தரை விரிசல் வழியா வீட்டுக்குள்ளயும் வரும். அதனால எத்தனை லாரி போச்சுங்கறது கணக்கே இல்ல, தோண்டின குழியோட அடியிலயும் பக்கச் சுவர்லயும் சாம்பிள் எடுத்து லேப்ல பாத்தாங்களா, அதுதான் விஷயம். அந்த ரிப்போர்ட்டை எழுத்துல கேளுங்க, எந்தெந்த எடத்துல எடுத்தாங்கன்னு வரைபடத்தோட. கையில ஒரு மீட்டரை நீட்டிப் பாத்துட்டு "ஒண்ணுமில்ல"ன்னு போயிருந்தா ஏத்துக்காதீங்க, அது ஆவியை மட்டும்தான் பிடிக்கும்.

அந்த நூல் பெரும்பாலும் கார்பன் ஃபைபர். நெறைய விமானத்துல றெக்கை, வால் பாகங்களை இப்போ அதுல செய்றாங்க. முழு இழை 5லேர்ந்து 7 மைக்ரான் தடிமன் இருக்கும் (ஒரு மைக்ரான்னா மில்லிமீட்டர்ல ஆயிரத்துல ஒரு பங்கு), நெருப்புல பிசின் எரிஞ்சு இழை மெலிஞ்சு முறிஞ்சு 3 மைக்ரானுக்குக் கீழ போச்சுன்னா நுரையீரல் ஆழம் வரைக்கும் போகும். நீங்க பாத்த பால் கலர், தரைக்குப் போடற அக்ரிலிக் மெழுகைத் தண்ணில கரைச்சதா இருக்கும், இழை பறக்காம ஒட்ட வைக்கறதுக்கு. வெளக்கமாறு, ஃபேன், ஏசி எதையும் தொடாதீங்க!! ஈரத்துணியால துடைக்கணும், இல்லன்னா ரொம்பப் பொடித் தூசியையும் பிடிக்கற ஹெப்பா (HEPA) ஃபில்டர் வேக்யூம். உண்மையில இதை அவங்களே வந்து செய்யணும், உங்க தலையில கட்டக்கூடாது.

ஓயாஅலை:
கார்பன் ஃபைபர்ல கரண்ட் பாயும், டிவி, கம்ப்யூட்டருக்குள்ள போயிருந்தா ஷார்ட் ஆகும். சுத்தம் பண்ற வரைக்கும் ஆன் பண்ணாதீங்க.

இன்னொண்ணு, நெருப்பை அணைக்க நுரை அடிச்சாங்களா? அதை யாரும் பேச மாட்டாங்க. பழைய வகை நுரைல பிஃபாஸ்ங்கற (PFAS) ரசாயனங்க இருக்கும், அது எரிபொருள் மாதிரி மக்காது, வாடையும் கிடையாது, தண்ணியோடயே நிலத்தடிக்கு இறங்கும். அமெரிக்காவுல 2024ல குடிதண்ணிக்கு வெச்ச வரம்பு, அந்த வகையைச் சேர்ந்த பிஃபோஸ் (PFOS), பிஃபோவா (PFOA) ரெண்டுக்கும் லிட்டருக்கு தலா 4 நானோகிராம்தான். சாதாரண தண்ணி டெஸ்ட்ல இது வராது, தனியா கேக்கணும்.

கடைசிவீடு:
நுரை நெறைய அடிச்சாங்க, சாக்கடை வரைக்கும் ஓடுச்சு. விமானம் எஃப்-16னு பேசிக்கிறாங்க, அதுல ஏதோ விஷம் இருக்காமே?

மண்வாசனை:
ஹைட்ரசீன். அவசர பவர் யூனிட்டுக்கு 70% ஹைட்ரசீன், மிச்சம் தண்ணி. அம்மோனியா மாதிரி நெடி அடிக்கும், ரொம்ப மோசமான விஷம், ஆனா வெளில சீக்கிரம் சிதைஞ்சிடும். இந்நேரத்துக்கு உங்க கவலை அது இல்ல. அந்த டேங்க்கை எடுத்தாச்சான்னு மட்டும் கேட்டு எழுதி வாங்குங்க. கிணத்துத் தண்ணியைக் குடிக்கவும் வேணாம், செடிக்கு ஊத்தவும் வேணாம், பிஃபாஸ் ரிசல்ட் வர வரைக்கும். இப்போ ஒண்ணுமில்லன்னு வந்தாலும் நாலு மாசம் கழிச்சு இன்னொரு தடவை எடுக்கச் சொல்லுங்க, நிலத்தடித் தண்ணி மெதுவாத்தான் நகரும்.

ஓயாஅலை:
இழப்பீட்டுப் பேப்பர்ல "இனி எந்தக் கோரிக்கையும் இல்லை"னு ஒரு வரி ஒளிஞ்சிருக்கலாம். ரெண்டாவது தண்ணி ரிசல்ட் வராம கையெழுத்து போட்றாதீங்க, அதுக்கு முன்னாடி ஒரு வக்கீல்கிட்ட காட்டுங்க.