வகுப்பில் சாது, வீட்டுக்கு வந்தால் புயல்: ஆட்டிசம் உள்ள பதின்ம வயதினரோடு எங்கள் அனுபவங்கள்

ஒரு அம்மா:

என் மகனுக்கு 15 வயது. "கிளாஸில் ஒரு பிரச்சினையும் இல்லையே, வீட்டில் செல்லம் அதிகமோ?" என்பார் வகுப்பாசிரியை. அதே பிள்ளை வாசலைத் தாண்டியதும் பையை வீசிவிட்டு, ஷூவைக்கூடக் கழற்றாமல் கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் போய் உட்கார்ந்துகொள்வான். "இன்னைக்கு என்ன நடந்துச்சு?" என்று கேட்டால் போச்சு. நாள் முழுக்கக் கையை ஆட்டாமல், காதைப் பொத்தாமல் மற்றவர்களைப் போல இருந்து காட்டுவதிலேயே அவன் தெம்பெல்லாம் தீர்ந்துவிடுகிறது. இதை மாஸ்க்கிங் என்கிறார்கள்.

பாடவேளையைவிட இடைவேளைதான் அவனுக்குக் கொடுமை என்பது, சிறப்பாசிரியர் கூடவே இருந்து கவனித்தபோதுதான் தெரிந்தது. மணி அடித்ததும் அத்தனை நாற்காலியும் தரையில் இழுபடும் சத்தம், படிக்கட்டில் முண்டியடிக்கும் கூட்டம். "சத்தமெல்லாம் ஒரு காரணமா?" என்றவர்களுக்கு, மனநல மருத்துவர்கள் நோயறியப் பயன்படுத்தும், 2013இல் வந்த டி.எஸ்.எம்-5 கையேட்டிலேயே புலன் சார்ந்த சிரமங்கள் ஆட்டிசத்தின் அறிகுறிகளில் இருப்பதைக் காட்டினோம். அப்புறம்தான் வழி பிறந்தது. மணி அடிக்கும் முன்பே அவன் கிளம்பலாம். மேஜையில் இருக்கும் அட்டையைத் திருப்பி வைத்தால், எதுவும் கேட்காமல் நூலகத்துக்கு அனுப்பிவிட வேண்டும். "எல்லாப் பிள்ளைங்களும் கேட்பாங்களே" என்று முதலில் தயங்கினார்கள். ஒருவரும் கேட்கவில்லை. வீட்டிலும் அவன் வந்த கையோடு யாரும் பேச்சுக் கொடுப்பதில்லை.

இன்னொன்று. பிள்ளை திடீரென்று வெறித்தபடி நின்றுவிட்டால் அதையும் ஆட்டிசம் கணக்கில் எழுதிவிடாதீர்கள். இந்த வயதில் வலிப்பு புதிதாகத் தொடங்கலாம். நரம்பியல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

கணக்கு ஆசிரியர் ஒருவர்:

தேர்வு முடிந்ததும் "எல்லாரும் பேனாவைக் கீழே வைங்க" என்றேன். ஒரு பையன் மட்டும் குனிந்து தரையில் வைத்தான். வகுப்பே சிரித்தது. கூட இருந்த ஆசிரியர் 'திமிர்' என்று முடிவே கட்டிவிட்டார். சொன்னதைத்தானே செய்தான்! இப்போதெல்லாம் "பேனாவை மேஜையில் வை, தாளை என்னிடம் கொடு" என்று சொல்லி, பலகையிலும் எழுதிவிடுகிறேன். மற்றவர்களுக்கும் அது வசதியாகத்தான் இருக்கிறது.

ஆட்டிசம் உள்ள இளைஞர், வேலையில் இருப்பவர்:

மேடம், உங்கள் மகன் இருக்கும் இடத்தில் இருந்தவன் நான். பள்ளியில் எனக்குக் கிடைத்த பயிற்சியே "கண்ணைப் பார்த்துப் பேசு" என்பதுதான். கண்ணைப் பார்த்தால் பேச்சு எனக்குக் காதில் ஏறாது. ஆட்டிசம் உள்ளவர்கள், இல்லாதவர்கள் என இரண்டு பக்கமும் புரியாமை இருக்கிறது என்று, தாமே ஆட்டிசம் உள்ள ஆய்வாளரான டேமியன் மில்டன் 2012இல் எழுதினார். பிறகு ஏன் பயிற்சி எங்களுக்கு மட்டும்?

உண்மையில் உதவியது வேறு. நேர்காணல் கேள்விகளை முன்கூட்டியே கேட்டு வாங்கினேன், கொடுத்தார்கள். பஸ்ஸில் தனியாகப் போக அப்பா பழக்கினார்: முதலில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தார், அப்புறம் பின் சீட்டில், அப்புறம் அடுத்த பஸ்ஸில் வந்தார். பஸ் பாதி வழியில் பழுதாகி நின்றால் என்ன செய்வது என்பதை மட்டும் யாரும் சொல்லித் தரவில்லை. ஒருநாள் அதுவும் நடந்தது. உங்கள் மகனுக்குப் பழக்கும்போது அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.