வந்து வந்து போகும் பழுது: பழைய கணினி வைத்திருப்போரின் அனுபவங்கள்

மதுரையிலிருந்து

அடியோடு நின்றுபோன கணினியைச் சரிசெய்வது எளிது. எப்போதாவது தலைகாட்டிவிட்டு மறையும் பழுதைப் பிடிப்பதுதான் கடினம், ஏனென்றால் வைத்தியர் வந்ததும் விட்டுவிடும் காய்ச்சலைப் போல, கடைக்குத் தூக்கிக்கொண்டு போனால் அது வரவே வராது. எங்கள் வீட்டில் இருப்பது 2009-இல் அசெம்பிள் செய்த கோர் 2 டியோ கணினி. புதிது வாங்கிவிடலாமே என்று பலரும் கேட்கிறார்கள். ஆனால் யூனிகோடு பரவுவதற்கு முந்தைய எழுத்துருக்களில் அப்பா பல ஆண்டுகளாகத் தட்டச்சு செய்த கோப்புகளும், அவற்றை அச்சடிக்கும் பழைய டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரும் அந்தக் கணினியோடுதான் ஒத்துப்போகின்றன. அது ஓடிக்கொண்டே இருக்க வேண்டும் என்பது எங்கள் வீட்டில் உண்மையான தேவை.

வேலை நடந்துகொண்டிருக்கும்போதே சட்டென்று ரீஸ்டார்ட் ஆகும். நீலத்திரை வராது, பிழைச் செய்தியும் வராது. சர்வீஸ் கடையில் நாள் முழுக்க ஓடவிட்டுப் பார்த்துவிட்டு, “எங்களிடம் நன்றாகத்தானே ஓடுகிறது, சார்” என்று திருப்பிக் கொடுத்தார்கள். அவர்கள் சொன்னதில் பொய்யில்லை. பழுது வருவதற்கான சூழ்நிலை எங்கள் வீட்டில் இருந்ததே தவிர அவர்கள் கடையில் இல்லை. அதனால் மேசையருகே ஒரு நோட்டு போட்டு, ரீஸ்டார்ட் ஆன நேரம், அப்போது திறந்திருந்த மென்பொருள், அறையின் வெக்கை, மின்சாரம் போய் வந்ததா, வீட்டில் வேறு எது ஓடிக்கொண்டிருந்தது என்பதையெல்லாம் எழுதத் தொடங்கினேன். கணினியில் நடப்பவற்றை விண்டோஸ் குறித்துவைக்கும் ஈவென்ட் வியூவரில் ஒவ்வொரு முறையும் கெர்னல்-பவர் 41 என்ற பதிவு இருந்தது. கணினி முறையாக மூடப்படவில்லை என்பதை மட்டுமே அது சொல்லும், காரணத்தைச் சொல்லாது. ஆனாலும் அதன் விவரங்களில் பிழையின் எண்ணைக் குறிக்கும் பக்செக் கோடு 0 என்றிருந்தால், விண்டோஸ் எதையும் குறித்துக்கொள்ள அவகாசம் இல்லாமல் நின்றிருக்கிறது என்று பொருள். மின்வழங்கலின் மீது சந்தேகம் திரும்ப அது போதுமானது.

நோட்டைப் புரட்டியபோது இரண்டு வேளைகள் திரும்பத் திரும்ப வந்தன. ஒன்று, ஆழ்துளைக் கிணற்று மோட்டார் போடும் வேளை. மற்றொன்று, மின்தடை ஏற்படும் வேளை. யுபிஎஸ் இருந்தும் மின்தடையின்போது கணினி நின்றதால் பார்த்தவர்கள் எல்லோரும் யுபிஎஸ் பேட்டரியைத்தான் குறை சொன்னார்கள். அடுத்த மின்தடைக்காகக் காத்திருந்து பார்த்தேன். சிபியு நின்று மறுபடி தொடங்கியது, ஆனால் அதே யுபிஎஸ்ஸில் செருகியிருந்த மானிட்டரின் விளக்கு ஒரு முறைகூடச் சிமிட்டவில்லை. யுபிஎஸ் மின்சாரம் கொடுத்துக்கொண்டுதான் இருந்தது, சிபியு பெட்டிக்குள் மின்சாரத்தை மாற்றிக் கொடுக்கும் மின்வழங்கியான எஸ்எம்பிஎஸ்ஸால்தான் அந்தக் கணத்தைத் தாங்க முடியவில்லை என்று அங்கேயே தெளிவாகிவிட்டது.

எஸ்எம்பிஎஸ்ஸின் முன்பகுதியில் உள்ள பெரிய கெப்பாசிட்டரில் சேர்ந்திருக்கும் மின்னூட்டம்தான், வெளியிலிருந்து வரும் மின்சாரம் அறுபடும் சில மில்லி நொடிகளுக்குக் கணினியைத் தாங்கிப் பிடிக்கிறது. சாதாரண வீட்டு யுபிஎஸ் பேட்டரிக்கு மாறுவதற்கும் சில மில்லி நொடிகள் ஆகும். கெப்பாசிட்டர் ஆண்டுக்கணக்கான வெப்பத்தில் உலர்ந்து அதன் கொள்திறன் குறைந்துவிட்டால் அந்த இடைவெளியைக் கடக்க முடியாது. மோட்டார் கிளம்பும்போது வோல்டேஜ் ஒரு கணம் இறங்குவதும் அதே விளைவைத் தரும். மல்டிமீட்டரில் 12 வோல்ட் இணைப்பு 11.9 காட்டியது. கணினி மின்வழங்கிகளுக்கான ஏடிஎக்ஸ் வரையறை அனுமதிப்பது 11.4 முதல் 12.6 வரை என்பதால் அளவு சரிதான். ஆனால் மில்லி நொடிகளில் நடந்து முடியும் சரிவைச் சாதாரண மீட்டர் காட்டாது. மீட்டர் அளவு சரியாக இருப்பதை வைத்து எஸ்எம்பிஎஸ் நல்ல நிலையில் இருப்பதாக யாரும் முடிவுக்கு வந்துவிட வேண்டாம்.

தம்பி வீட்டுக் கணினியிலிருந்து ஓர் எஸ்எம்பிஎஸ் இரவல் வாங்கி, வேறு எதையும் தொடாமல் அதை மட்டும் மாற்றி, மோட்டாரைப் போட்டுப் போட்டு அணைத்துப் பார்த்தேன். கணினி நிற்கவில்லை. பழையதை மீண்டும் பொருத்தினேன், பழுதும் திரும்பி வந்தது. பழைய பாகத்தைத் திரும்பப் பொருத்திப் பார்க்கும் இந்த வேலையைப் பெரும்பாலோர் விட்டுவிடுகிறார்கள். அது இல்லாவிட்டால் பாகத்தை மாற்றியதால் சரியானதா, கழற்றி மாட்டியபோது ஏதோ ஒரு கனெக்டர் இறுகியதால் சரியானதா என்று சொல்ல வழியே இல்லை. ஒரு வேண்டுகோள்: எஸ்எம்பிஎஸ் பெட்டியை யாரும் வீட்டில் பிரிக்க வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அந்தக் கெப்பாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கக்கூடும்.

தூத்துக்குடியிலிருந்து

எங்கள் வீடு கடற்கரையை ஒட்டியது. இங்கே உப்புக்காற்று ஜன்னல் கம்பியை அரிப்பதைப் போலவே கணினிக்குள் இருக்கும் இணைப்புகளையும் மெல்ல மெல்லக் கெடுக்கிறது. எங்கள் கணினி ரீஸ்டார்ட் ஆகாது, உறைந்து நிற்கும். மவுஸ் அம்பு மட்டும் நகரும், ஹார்ட் டிஸ்க் விளக்கு அணையாமல் எரியும், அரை நிமிடம் கழித்து ஒன்றுமே நடக்காததுபோல எல்லாம் தொடரும். ஹார்ட் டிஸ்க் போய்விட்டது, உடனே மாற்ற வேண்டும் என்று கடையில் சொன்னார்கள்.

மாற்றுவதற்கு முன் முக்கியக் கோப்புகளை வெளியே நகலெடுத்துவிட்டு, ஹார்ட் டிஸ்க் தன்னைப் பற்றித் தானே குறித்துவைக்கும் ஸ்மார்ட் பதிவுகளைப் பார்த்தேன். இந்தப் பதிவுகளில் 5-ஆம் எண் கெட்டுப்போய் மாற்றி ஒதுக்கப்பட்ட செக்டர்களையும் (தட்டில் தரவு எழுதப்படும் சிறு பகுதிகள்), 197-ஆம் எண் படிக்கத் தடுமாறும் செக்டர்களையும் குறிக்கும். இரண்டும் சுழியமாகவே இருந்தன. ஏறிக்கொண்டே போனது 199-ஆம் எண்தான். அது ஹார்ட் டிஸ்க்குக்கும் மதர்போர்டுக்கும் நடுவே, போகும் வழியில் சிதைந்துபோன தரவுகளின் எண்ணிக்கை. ஆகவே தட்டு நன்றாக இருந்தது, வழிதான் கெட்டிருந்தது. இரண்டையும் இணைக்கும் சாட்டா கேபிளைக் கழற்றிப் பார்த்தபோது அதன் முனையில் இருந்த பொன்னிறத் தகடுகளில் இரண்டின் மீது பச்சை கலந்த சாம்பல் நிறப் பூச்சு படர்ந்திருந்தது. புதிய கேபிளை மதர்போர்டின் வேறு சாட்டா துளையில் செருகினேன். இந்த எண் ஏறினால் ஏறியதுதான், மீண்டும் சுழியத்துக்கு இறங்காது. கேபிள் மாற்றிய அன்று எவ்வளவு இருந்தது என்று குறித்துவைத்துக்கொண்டு, அதற்குப் பிறகு ஏறவில்லை என்பதைக் கொண்டே உறுதி செய்துகொண்டேன்.

அதே காற்றுதான் ராம் பட்டையின் முனைகளிலும் படிகிறது. எங்கள் ஊரில் பீப் சத்தத்தோடு கணினி திறக்க மறுத்தால், முதலில் மின்சாரத்தைத் துண்டித்து, ராமைக் கழற்றி, மென்மையான வெள்ளை ரப்பரால் முனைகளைத் துடைத்து, துகள்களை ஊதாமல் பிரஷ்ஷால் தட்டிவிட்டு மாட்டுவது வழக்கம். வாயால் ஊதினால் எச்சில் ஈரம் போய் அங்கே படியும்.

குன்னூரிலிருந்து

மதுரை நண்பர் குறித்துவைத்த சூழ்நிலைகளோடு குளிரையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். பழைய இயந்திரம் சூடேறினால்தான் மக்கர் செய்யும் என்று பொதுவாக நினைக்கிறோம். எங்கள் கணினியோ நேர்மாறாக, மார்கழிக் காலையில் மட்டும்தான் தகராறு செய்தது. பவர் பட்டனை அழுத்தினால் மின்விசிறி கால் சுற்று சுற்றி நின்றுவிடும். விட்டுவிட்டு அழுத்திக்கொண்டே இருந்தால் ஏதோ ஒரு முறை கிளம்பும். கிளம்பிய பிறகு இரவு வரை ஒரு குறையும் இல்லை. நண்பகலில் அணைத்துவிட்டுப் போட்டாலும் முதல் அழுத்தத்திலேயே திறந்துவிடும்.

மூடியைக் கழற்றி, டார்ச் வெளிச்சத்தில் பிராசசரைச் சுற்றி நிற்கும் கெப்பாசிட்டர்களைப் பார்த்தோம். நல்ல கெப்பாசிட்டரின் தலை தட்டையாக, மேலே ஒரு கீறலோடு இருக்கும். எங்களுடையவற்றில் சிலவற்றின் தலை புடைத்திருந்தது. ஒன்றில் கீறல் விரிந்து பழுப்பு நிறப் பசை வெளியேறிக் காய்ந்திருந்தது. 1999-க்குப் பிறகான சில ஆண்டுகளில் மதர்போர்டுகளில் வந்த கெப்பாசிட்டர்களில் ஏராளமானவை, உள்ளே இருந்த மின்பகு திரவத்தின் குறைபாட்டால் காலத்துக்கு முன்பே இப்படிக் கெட்டன. எங்கள் போர்டும் அந்தக் காலத்தையதுதான். இப்படி நலிந்த கெப்பாசிட்டரின் உள்தடை குளிரில் இன்னும் கூடிவிடும். அதனால் பிராசசருக்குப் போகும் மின்சாரம் அலைபாயும். சற்றுச் சூடேறியதும் உள்தடை குறைந்து, கணினி ஓடத் தொடங்கிவிடும்.

எங்கள் தெருவில் டிவி பழுது பார்க்கும் பெரியவர்தான் அவற்றை மாற்றிக் கொடுத்தார். அதே மைக்ரோஃபாரட் அளவு, அதே வோல்டேஜ் அல்லது அதற்கு மேல், 105 டிகிரி தாங்கும் வகை, உள்தடை குறைந்தவை என்று கேட்டு வாங்க வேண்டும் என்று சொல்லி அனுப்பினார். உடலில் பட்டைக்கோடு உள்ள பக்கம் நெகட்டிவ். அதை மாற்றிப் பொருத்தினால் வெடித்துவிடும் என்பதால், பழையவற்றைக் கழற்றுமுன்பே ஒவ்வொன்றும் நின்ற திசையைப் புகைப்படம் எடுத்துக்கொண்டார்.

தஞ்சாவூரிலிருந்து

சுருக்கமாக ஒன்று. எஸ்எம்பிஎஸ், ராம் எல்லாம் மாற்றியும் ரீஸ்டார்ட் நிற்காதவர்கள், கேபினெட்டின் முகப்பில் உள்ள ரீசெட் பட்டனைச் சோதிக்க வேண்டும். பழைய கேபினெட்டுகளில் அதன் ஸ்பிரிங் தளர்ந்து, மேசை ஆடினாலே உள்ளே தொடர்பு ஏற்பட்டுவிடும். மதர்போர்டில் ரீசெட் என்று குறித்த இரண்டு பின்களிலிருந்து வயரை உருவிவிட்டு, சில நாட்கள் அப்படியே ஓட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும், செலவும் இல்லை. பவர் பட்டன் கெட்டுப்போய், ரீசெட் பட்டன் நன்றாக இருந்தால், அந்த ரீசெட் வயரையே பவர் பின்களில் செருகிக்கொள்ளலாம். இரண்டும், அழுத்தினால் சேர்ந்து, கையை எடுத்தால் பிரியும் ஒரே வகை சுவிட்ச்தான்.