இலவசப் பிரசவம் இருந்தும் ஏன் தனியாருக்குப் போகிறார்கள்? தருமபுரி, கிருஷ்ணகிரிக்காரர்கள் சொல்லுங்கள்

காரிமங்கலத்தான்:
எங்கள் தெருவில் ஒரு குடும்பம் நகையை அடகு வைத்துத் தனியாரில் பிரசவம் பார்த்திருக்கிறது. ஆரம்ப சுகாதார நிலையம் பக்கத்திலேயே இருக்கிறது. தருமபுரி போனால் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. ஸ்கேன், ரத்தம், ஆபரேஷன், சாப்பாடு எதற்கும் காசு கிடையாது. 108 வந்து கூட்டிப்போகும், திரும்ப வீட்டில் விடவும் வண்டி உண்டு. முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தில் பணமும் ஊட்டச்சத்துப் பெட்டகமுமாக 18,000 ரூபாய் உதவி வேறு. இவ்வளவு இருந்தும் போகாததற்குக் கௌரவம்தான் காரணம். சம்பந்தி வீட்டார் என்ன சொல்வார்களோ என்ற கவலை.

அரூர் மருமகள்:
கௌரவம் என்று ஒரே வார்த்தையில் முடிக்காதீர்கள் அண்ணா. எனக்கு முதல் பிரசவம் அரசு மருத்துவமனையில்தான். டாக்டர் நன்றாகவே பார்த்தார். ஆனால் வலியில் கத்தியதற்கு அந்த வார்டில் வாங்கிய பேச்சை மறக்க முடியவில்லை. குழந்தையைக் கொண்டுவந்து காட்டியவர் காசு கேட்டார். ஆண் என்றால் ஒரு தொகை, பெண் என்றால் ஒரு தொகை. சக்கர நாற்காலி தள்ளியவருக்குத் தனி. கேட்காமலே கருத்தடைக்கான காப்பர்-டி போட்டுவிடுவார்கள் என்ற பயமும் எங்கள் ஊர்ப் பெண்களுக்கு உண்டு. தண்ணீர் பிடிக்கிற இடத்தில் இதைத்தான் பேசிக்கொள்கிறோம், திட்டத்தின் பெயரை யாரும் பேசுவதில்லை. இரண்டாவதற்கு என் மாமியாரே தனியாருக்குப் போகச் சொன்னார்.

காரிமங்கலத்தான்:
காசு கேட்பது அநியாயம்தான், புகார் கொடுக்க வேண்டும். ஆனால் தனியாரில் என்ன நடக்கிறது? 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வைப் பாருங்கள். தமிழ்நாட்டில் தனியாரில் 100 பிரசவத்துக்கு ஏறக்குறைய 64 சிசேரியன், அரசில் 36. சிக்கலான கேஸ்களைக் கடைசி நேரத்தில் அரசுக்குத் தள்ளிவிட்டும் இந்தக் கணக்கு. அன்பாகப் பேசுகிறார்கள் என்பதற்காக வயிற்றைக் கிழித்துக்கொள்ள வேண்டுமா?

பென்னாகரம் ஆசிரியர்:
நீங்கள் இருவரும் அரசு, தனியார் என்று இரண்டு கதவு உள்ளவர்களைப் பற்றிப் பேசுகிறீர்கள். எங்கள் பக்கம் கோட்டூர்மலைக்குத் தேர்தலின்போது வாக்கு இயந்திரத்தைக் கழுதை மேல் ஏற்றித்தான் கொண்டுபோனார்கள். வலி வந்த பெண்ணுக்கும் அதே பாதைதான். இப்படிப்பட்ட ஊர்களில் 108 அடிவாரத்தில் நிற்கும், அதுவரை தூளி கட்டித் தூக்கி வருவார்கள். முன்கூட்டியே வந்து தங்கிவிடச் சொல்கிறார் நர்சம்மா. நல்ல யோசனைதான். ஆனால் புருஷன் பெங்களூரில் கட்டட வேலையில். மூத்த பிள்ளையையும் ஆட்டையும் யார் பார்ப்பது? பிரசவத்துக்குக் காசு வாங்காவிட்டாலும் கூடத் தங்குகிறவரின் கூலி போகிறதே.

இன்னொன்றும் இருக்கிறது, அதைச் சபையில் யாரும் சொல்வதில்லை. நம் இரண்டு மாவட்டத்திலும் குழந்தைத் திருமணம் இன்னும் நிற்கவில்லை. 18 வயது நிறையாத பெண் கர்ப்பமாக வந்தால், குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டப்படி மருத்துவமனை போலீசுக்குத் தெரிவித்தாக வேண்டும். உதவித்தொகைக்கோ 19 வயது நிறைந்திருக்க வேண்டும். அதனால் பதிவே செய்யாமல் மாதக்கணக்கில் மறைக்கிறார்கள். ரத்தசோகையோடு ஆபத்தில் இருப்பது அந்தப் பெண்கள்தான்.

காரிமங்கலத்தான்:
அதற்காகச் சட்டத்தைத் தளர்த்தச் சொல்கிறீர்களா ஐயா? 16 வயதில் கட்டிக்கொடுத்தவனுக்குப் பயம் இருக்கத்தான் வேண்டும்.

பென்னாகரம் ஆசிரியர்:
தளர்த்தச் சொல்லவில்லை. கட்டிக்கொடுத்தவர் மேல் வழக்குப் போடுங்கள். ஆனால் பயந்து வீட்டிலேயே கிடந்து ரத்தப்போக்கில் சாகப்போவது அவர் இல்லை, அந்தப் பிள்ளை. முதலில் அவளுக்கு இரும்புச்சத்து ஊசியும் ஸ்கேனும் கிடைக்கட்டும். கேள்வி கேட்கிறவரும் மருந்து கொடுக்கிறவரும் ஒரே ஆளாக இருந்தால் அவள் எப்படி வருவாள்?

காரிமங்கலத்தான்:
தெரிவிக்காமல் விட்டால் அடுத்த தெருவிலும் 16 வயதில்தான் கட்டுவார்கள். இதில் நான் உங்களோடு ஒத்துப்போக முடியாது.

அரூர் மருமகள்:
என் நாத்தனாருக்கு இப்போது எட்டாம் மாதம். பிரசவ அறையில் பெண் துணை ஒருவர் கூட இருக்கலாம் என்று அரசே அனுமதித்திருக்கிறது. எனக்கு அது தெரியாது, என் அம்மாவைக் கதவுக்கு வெளியே நிறுத்தினார்கள். இந்த முறை மாமியாரை உள்ளே விடுவார்களா என்று நர்சம்மாவிடம் கேட்டிருக்கிறோம். சரி என்றால் அரசு மருத்துவமனைக்கே போகிறோம். இல்லையென்றால் வீட்டில் நகை எடுப்பதை என்னால் தடுக்க முடியாது அண்ணா.