பாஸ்வேர்டு சரிதான், ஆனாலும் டேட்டாபேஸ் உள்ளே விடவில்லை: உங்களுக்கு நடந்தது என்ன?

நான் ஆரம்பிக்கிறேன். முதன்முதலாக எழுதிய வெப் அப்ளிகேஷன், கோடு ஓட நோட் ஜேஎஸ், டேட்டாபேஸுக்கு மைஎஸ்கியூஎல். ஓட்டியதும் 'ஆக்சஸ் டினைட்', எர்ரர் எண் 1045. பாஸ்வேர்டில்தான் கோளாறு என்று நினைத்து நான்கு தடவை மாற்றினேன். டெர்மினலில் அதே பாஸ்வேர்டை அடித்தால் உள்ளே போகிறது, என் கோடு கேட்டால் மட்டும் மாட்டேன் என்கிறது. மைஎஸ்கியூஎல்லையே அழித்துவிட்டு மறுபடி இன்ஸ்டால் செய்தேன். அதற்கும் அசையவில்லை.

மூன்றாம் நாள்தான் அந்த எர்ரர் வரியைக் கடைசிவரை படித்தேன். அடைப்புக்குறிக்குள் 'யூசிங் பாஸ்வேர்ட்: நோ' என்று இருந்தது. பாஸ்வேர்டு தப்பில்லை, பாஸ்வேர்டே போய்ச் சேரவில்லை! யூசர் பெயரைக் கோடிலேயே எழுதிவிட்டு, பாஸ்வேர்டை மட்டும் என்வ் ஃபைலில் (ரகசிய விவரங்களைக் கோடுக்கு வெளியே வைக்கிற .env ஃபைல்) வைத்திருந்தேன். கன்சோலில் போட்டுப் பார்த்தால் 'அன்டிஃபைன்ட்', அதாவது மதிப்பே இல்லை. என்வ் ஃபைல் இருந்தது உள்ஃபோல்டரில், நான் கமாண்ட் கொடுத்தது வெளிஃபோல்டரிலிருந்து. கமாண்ட் கொடுக்கிற இடத்தில்தான் டாட்என்வ் (என்வ் ஃபைலைப் படிக்கிற லைப்ரரி) அந்த ஃபைலைத் தேடும் என்று அப்போது தெரியாது. ஃபைலை ஒரு படி வெளியே நகர்த்தினேன், உடனே கனெக்ட் ஆகிவிட்டது.

—

எனக்கு 'யூசிங் பாஸ்வேர்ட்: யெஸ்' என்றே வந்தது, அதனால் இன்னும் குழம்பினேன். பாஸ்வேர்டு போகிறது, ஆனால் பாதிதான் போகிறது. நடுவில் # இருந்தது. என்வ் ஃபைலில் மேற்கோள் குறி போடாவிட்டால், #-க்குப் பிறகு வருவதெல்லாம் கமென்ட் என்று டாட்என்வ் விட்டுவிடும். கன்சோலில் பாஸ்வேர்டின் நீளத்தை மட்டும் எண்ணிப் பார்த்ததில் பிடிபட்டது: 12 எழுத்து இருக்க வேண்டிய இடத்தில் 5. இன்னொன்று, கனெக்ஷனை யூஆர்எல்லாக எழுதுபவர்கள் பாஸ்வேர்டில் @ இருந்தால் %40 என்று மாற்றி எழுதுங்கள். அதிலும் ஒரு முறை மாட்டியிருக்கிறேன்.

—

நீங்களாவது வாசல்வரை போயிருக்கிறீர்கள். எனக்குக் கதவே இல்லை, 'கனெக்ஷன் ரெஃப்யூஸ்ட்'. என் டேட்டாபேஸான போஸ்ட்கிரெஸ் ஓடிக்கொண்டுதான் இருந்தது, போர்ட் 5432, எல்லாம் சரி. எர்ரரில் முகவரி ::1 என்று இருந்ததை ஏதோ டைப்பிங் பிழை என்று ஒதுக்கிவிட்டேன் (சிரிக்காதீர்கள்). அது லோக்கல்ஹோஸ்ட்டின், அதாவது நம் கம்ப்யூட்டரின், ஐபிவி6 (புது வகை) முகவரி. என் போஸ்ட்கிரெஸ் 127.0.0.1 என்ற ஐபிவி4 (பழைய வகை) முகவரியில் மட்டும் காத்திருந்தது. முன்பெல்லாம் நோட் ஐபிவி4 முகவரியை முன்னால் எடுத்துக்கொள்ளும். 17-ஆம் பதிப்பிலிருந்து சிஸ்டம் தருகிற வரிசையை அப்படியே எடுத்துக்கொள்கிறது. லோக்கல்ஹோஸ்ட் என்பதை அழித்து 127.0.0.1 என்று எழுதினேன், அவ்வளவுதான் வேலை. 20-ஆம் பதிப்பு முதல் இரண்டு முகவரிகளையும் முயன்று பார்ப்பதால் புதிதாக வருபவர்கள் இதில் அவ்வளவாகச் சிக்குவதில்லை.

—

டாக்கர் (புரோகிராம்களைத் தனித்தனிக் கன்டெய்னர்களில் அடைத்து ஓட்டுகிற கருவி) பயன்படுத்துபவர்களுக்கு ஒரு வரி: கன்டெய்னருக்குள் லோக்கல்ஹோஸ்ட் என்றால் அந்தக் கன்டெய்னரே. டேட்டாபேஸ் வேறு கன்டெய்னரில் இருந்தால் கன்டெய்னர்களை வரையறுக்கிற கம்போஸ் ஃபைலில் அதற்கு வைத்த சர்வீஸ் பெயரை எழுத வேண்டும். இதற்கு நான் ஒரு ஞாயிற்றுக்கிழமையைப் பறிகொடுத்தேன்.

—

எனக்குக் கனெக்ட் ஆவதில் பிரச்சினையே இல்லை, கனெக்ட் ஆகிக்கொண்டே இருந்ததுதான் பிரச்சினை. காலையில் நன்றாக ஓடும், மத்தியானம் 'டூ மெனி கனெக்ஷன்ஸ்'. ரீஸ்டார்ட் செய்தால் மறுபடி ஓடும். ஒவ்வொரு ரிக்வெஸ்ட்டுக்கும் புதுக் கனெக்ஷன் திறந்து, மூடாமலே விட்டிருந்தேன். மைஎஸ்கியூஎல் வழக்கமாக ஒரே நேரத்தில் 151-க்கு மேல் அனுமதிக்காது. அப்புறம் பூல் வைத்து, பத்துக் கனெக்ஷன்களையே மாற்றி மாற்றிப் பயன்படுத்தும்படி எழுதினேன்.

—

முதலில் எழுதியவன்தான். ரிக்வெஸ்ட்டுக்கு ஒரு கனெக்ஷன் என்றுதான் நானும் திறந்து வைத்திருக்கிறேன். மூடுகிறேனா என்று நினைவில்லை, இருங்கள், பார்த்துவிட்டு வருகிறேன்.