வாஷிங்டனின் 2-ஆவது தேர்வு: டேனியல்ஸா, மேயா?

2024 ஏப்ரல் 25 அன்று டெட்ராய்ட்டில் தொடங்கிய என்எஃப்எல் டிராஃப்டுக்கு (அமெரிக்கக் கால்பந்து அணிகள் முறைவைத்துக் கல்லூரி வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வு) முன் எழுதியது இது. முதல் தேர்வில் சிகாகோ அணி கேலப் வில்லியம்ஸை எடுத்துவிடும் என்றே வைத்துக்கொள்கிறேன். அடுத்து எடுக்கும் வாஷிங்டனுக்கு எந்தக் குவார்ட்டர்பேக் (பந்தை எறிந்து தாக்குதலை நடத்தும் வீரர்), ஜேடன் டேனியல்ஸா, டிரேக் மேயா என்பதில்தான் முடிவுக்கு வர முடியவில்லை.

முதலில் புள்ளிவிவரத்தை ஒப்பிட்டேன். 2023 கல்லூரி சீசனில் டேனியல்ஸ் 40 டச்டவுன் பாஸ் (புள்ளி தரும் எறிதல்), 4 இன்டர்செப்ஷன் (எதிரணி பிடித்துக்கொண்ட எறிதல்), பந்தோடு ஓடியே 1,134 யார்டு. டிரேக் மேயோ 24 டச்டவுன் பாஸ், 9 இன்டர்செப்ஷன். ஆனால் டேனியல்ஸுக்கு மாலிக் நேபர்ஸ், பிரையன் தாமஸ் என்ற இரண்டு அபாரமான ரிசீவர்கள் (எறியும் பந்தைப் பிடிப்பவர்கள்). மேயின் ரிசீவர் ஜாஷ் டவுன்ஸ் போய்விட்டார், அஃபென்ஸ் (தாக்குதல் ஆட்டம்) கோச்சும் மாறினார். 2022-ஐப் பார்த்தால் மேயின் டச்டவுன் பாஸ் 38, டேனியல்ஸுடையது 17! எண்கள் உதவவில்லை.

பிறகு ஆட்டப் பதிவுகள். மேக்கு நெருக்கடியில் கால் ஊன்றுவது குலைகிறது, எளிய பாஸ்கூடத் தலைக்கு மேல் போகிறது. டேனியல்ஸ் முதல் ரிசீவர் அடைபட்டால் சீக்கிரமே ஓடுகிறார். ஒல்லியான உடம்பு, சறுக்கி உட்காராமல் முழு அடியையும் வாங்குகிறார். 2023 சீசனில் வாஷிங்டனின் குவார்ட்டர்பேக் சாம் ஹவெல் 65 முறை சாக் ஆனார் (எறியும் முன்பே வீழ்த்தப்பட்டார்), என் பயமே அதுதான்.

வாஷிங்டனின் 2024 அஃபென்ஸ் கோச் கிளிஃப் கிங்ஸ்பரியின் ஆட்டமுறையில் எது சீக்கிரம் திருந்தும்: மேயின் கால் நிலையா, டேனியல்ஸ் அடி வாங்கும் பழக்கமா?