1996 பரோலோவைத் தொட்டியில் ஊற்றியவன் எழுதுகிறேன்

கோபுரவாசல்

மூன்று வாரமாக மனதை அரிக்கிறது. எழுதித் தொலைத்தால் தூக்கம் வரும் என்றுதான் இங்கே வந்தேன்.

1996 பரோலோ, இத்தாலியச் சிவப்பு ஒயின், செர்ரலுங்கா தால்பா பக்கத்துத் திராட்சை. இரண்டு பாட்டில் வாங்கி வைத்திருந்தேன். தூரினில் என் வீட்டில், ஒரு ஞாயிறு இரவு, நாங்கள் நான்கு பேர். ஏழு மணிக்குத் தக்கையை எடுத்தேன், ஏழு ஐந்துக்கு ஊற்றிவிட்டேன். மூக்கில் ஒன்றுமே இல்லை, வெறும் ஈரக் கல்லை முகர்ந்த மாதிரி. வாயில் புளிப்பு முதலில் வந்து நின்றது. அதன் பின்னால் வாழைக்காய்த் தோலை மென்றதுபோல ஒரு துவர்ப்பு. நண்பர் ஒருவர், "இது செத்து நாலு வருஷமாகிறது" என்றார். எனக்கும் அப்படியே பட்டது. அரை மணி நேரம் காத்திருந்தோம். மாறவில்லை. பாதியை மாட்டிறைச்சிக் குழம்பில் ஊற்றினேன், மீதியைக் கழுவுதொட்டியில். என் கோப்பையில் மட்டும் ஒரு விரற்கடை மிச்சமிருந்ததை ஜன்னல் திட்டில் மறந்துவிட்டேன்.

காலை ஆறரை. பாத்திரம் துலக்கப் போனேன். குழாயைத் திறந்து, கோப்பையைக் கவிழ்க்கும் முன் பழக்கதோஷத்தில் மூக்கருகே கொண்டுபோனேன். காய்ந்த ரோஜா. சாமி படத்துக்குப் போட்ட மாலையை மறுநாள் கழற்றும்போது வருமே, அந்த வாசனை. அதற்கு அடியில், வெயிலில் இளகும் புதுத் தார்ச்சாலை. குழாய் ஓடிக்கொண்டே இருந்தது. குடித்தேன். துவர்ப்பு போகவில்லை, ஆனால் பாக்கை மென்று துப்பிய பிறகு நாக்கில் தங்குகிற துவர்ப்பாக மாறியிருந்தது. இரண்டு நிமிடம் கழித்தும் இருந்தது.

நான் புதியவனாக இருந்தால் பரவாயில்லை. பரோலோ 38 மாதம் கிடந்த பிறகுதான் கடைக்கே வரும், அதில் 18 மாதம் மரத்தில் என்பதெல்லாம் எனக்குத் தலைகீழ்ப் பாடம். 96 முரட்டு ஆண்டு, மெல்லத்தான் திறக்கும் என்று பிறருக்கு உபதேசம் செய்தவன் நான். அரை மணி நேரத்தில் தீர்ப்பு எழுதிவிட்டேன். உங்களில் யாருக்காவது இப்படி நடந்திருக்கிறதா?

கீரிமலைக்காரி

எனக்கு நடந்தது வேறு மாதிரி. நான் பலெர்மோவில் ஓர் உணவகத்தில் வேலை செய்கிறேன். பாத்திரம் கழுவத்தான் சேர்ந்தேன். வைன் பரிமாறுபவர் ஒருநாள் வராமல் போனபோது என்னைக் கூப்பிட்டார்கள், அப்படியே அந்த வேலையிலேயே நின்றுவிட்டேன்.

ஒரு முதியவர், தனியாக. தன் வீட்டிலிருந்து ஒரு போத்தல் கொண்டுவந்திருந்தார். 1985 புருனெல்லோ தி மொந்தால்சினோ, தஸ்கனிப் பக்கத்துச் சிவப்பு வைன். முதலாளி என்னிடம் கொடுத்துவிட்டு அப்பால் போய்விட்டார், உடைந்தால் பழி என் தலையில் என்று. தக்கை பாதியில் முறிந்தது. என் கை நடுங்கியதை அவர் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். இரண்டு தகடு உள்ள கருவியைக் கேட்டு வாங்கி, மீதித் தக்கையின் இரு பக்கமும் இறக்கி, திருகித் திருகி எடுத்தேன்.

பிறகு மெழுகுதிரியை ஏற்றி, போத்தலின் கழுத்துக்குக் கீழே வைத்து, கண்ணாடிக் குடுவையில் சரித்தேன். முக்கால் போத்தல் தெளிவாக இறங்கியது. தேத்தண்ணி நிறமும் இல்லை, சிவப்பும் இல்லை, இரண்டுக்கும் இடையில் ஒன்று. திடீரென்று திரி வெளிச்சத்தில் ஒரு மெல்லிய இழை வந்தது, ஊதுபத்திப் புகை நெளிந்து வருவது போல. மண்டி. நான் கையை நிமிர்த்திவிட்டேன். அந்த நொடியில் அந்த ஐயா ஒரு மூச்சு விட்டார், தானும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தவர் போல.

முதல் கோப்பையை என் பக்கம் தள்ளினார். "நீ சொல்லு" என்றார். புளிப்புச் செர்ரி, உலர்ந்த இலை, கொஞ்சம் தோல் செருப்பு வாசனை. எனக்கு இத்தாலியச் சொல் வரவில்லை. "இன்னும் உயிர் இருக்கிறது" என்று மட்டும் சொன்னேன். அவர் தலையாட்டிவிட்டு ஒரு மணி நேரம் ஒருவரோடும் கதைக்காமல் குடித்தார். யாருக்காக அந்தப் போத்தலை வைத்திருந்தார் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டுமோ என்று இப்போதும் நினைப்பேன்.

அளவுகோல்

கோபுரவாசல் அவர்களே, வருத்தம் புரிகிறது, ஆனால் தவறு முழுக்க உங்களுடையது. ஒயின் மேல் ஒரு குறையும் இல்லை.

என் கதை சின்னது: ஒருமுறை அல்பாவில் வாங்கிய பழைய பார்பரெஸ்கோ ஒயினை ரயிலில் குலுங்கக் குலுங்கக் கொண்டுவந்து அன்றிரவே திறந்தேன். மண்டி கலங்கி, வாயெல்லாம் சேற்றுத் தண்ணீர். அவ்வளவுதான்.

இனி நீங்கள் செய்திருக்க வேண்டியது. பாட்டிலைக் குறைந்தது இரண்டு நாள் நிமிர்த்தி வைக்க வேண்டும். பரோலோ செய்யும் திராட்சையான நெப்பியோலோவின் மண்டி பொடிப்பொடியாக இருக்கும், சீக்கிரம் அடங்காது. 16 முதல் 18 டிகிரிக்குள் பரிமாற வேண்டும். குளிர்ந்திருந்தால் துவர்ப்பு முள்ளாகக் குத்தும். உங்கள் வாழைக்காய்த் தோலுக்குப் பாதிக் காரணம் அதுவாகவே இருக்கும். ஊற்றியவுடன் சுழற்றாதீர்கள். முதலில் சும்மா முகருங்கள், பிறகு சுழற்றி முகருங்கள், பத்து நிமிடம் கழித்து மறுபடி. இந்த மூன்று முகர்தலுக்கும் இடையில் நடக்கிற மாற்றம்தான் உங்களுக்குச் செய்தி.

முக்கியமானது இது. செத்த ஒயினுக்கும் தூங்குகிற ஒயினுக்கும் வித்தியாசம் தெரிய வேண்டும். செத்ததற்கு வாசனை உண்டு: அடிபட்டுப் பழுப்பேறிய ஆப்பிள், சிக்கு வாடை அடிக்கும் வாதுமை, சோயா சாறு. வாயில் வைத்தால் நடுவில் பள்ளம்; புளிப்பு ஒரு பக்கம், வேறொன்றும் இல்லை, விழுங்கியதும் மறைந்துவிடும். தூங்குவதற்கு வாசனையே இருக்காது, ஆனால் வாயில் கனம் இருக்கும், விழுங்கிய பிறகும் போகாது. நீங்கள் எழுதியதைப் பாருங்கள்: "மூக்கில் ஒன்றுமே இல்லை", "துவர்ப்பு". உங்கள் வாக்குமூலத்திலேயே அது தூங்குகிறது என்ற சாட்சி இருக்கிறது. நண்பர் சொன்னதைக் கேட்டு உங்கள் நாக்கைக் கைவிட்டீர்கள்.

கீரிமலைக்காரி அவர்களுக்கும் ஒன்று. 1985ஐக் குடுவையில் சரித்தது ஆபத்தான வேலை. அந்த வயதுக்குக் காற்று பட்டால் இருபது நிமிடத்தில் சரிந்துவிடும். உங்களுக்கு அதிர்ஷ்டம்.

கீரிமலைக்காரி

அதிர்ஷ்டம் இல்லை. தக்கைத் தூள் உள்ளே விழுந்திருந்தது, சரிக்காமல் வேறு வழியில்லை. அவர் ஒரு மணி நேரம் குடித்தார் என்றும் எழுதியிருக்கிறேன், நீங்கள் வாசிக்கவில்லை.

மலைச்சரிவு

அளவுகோல் சொல்வதில் பாதி சரி. மீதிப் பாதி, எல்லா பாட்டிலும் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவை என்ற நினைப்பு. ஒரே பெட்டியில் வந்த இரண்டு பாட்டில்கூட இருபத்தைந்து வருடத்தில் அண்ணன் தம்பியாகப் பிரிந்துவிடும். தக்கை ஒன்றுபோல் இன்னொன்று இல்லை.

தீர்ப்பில் நான் பட்ட அவமானத்தைச் சொல்கிறேன். பரோலோ விளையும் ஊர்களில் ஒன்றான கஸ்தில்யோனே ஃபல்லெத்தோவில் ஒரு சிறு விவசாயியின் நிலவறை. பெரிய பெரிய பழைய மரத் தொட்டிகள், ஆள் உள்ளே இறங்கிக் கழுவும் அளவு. பாட்டிலில் சீட்டு இல்லை. எனக்கு ஒரு கோப்பை ஊற்றிவிட்டு ஓரமாக நின்றார். நான் பெரிய நிபுணன் மாதிரி வெள்ளைத் துணியின் மேல் கோப்பையைச் சாய்த்துப் பார்த்தேன். நடுவில் நீர்த்த சிவப்பு, ஓரத்தில் செங்கல் நிறம். "இருபது வயதுக்கு மேல். இறங்குமுகம்" என்றேன். வாசனை பார்க்கும் முன்பே சொல்லிவிட்டேன், அதுதான் கொடுமை.

அவர் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தப்பித்திருப்பேன். ஏழு வருடம் என்று விரலில் காட்டினார். பிறகு உள்ளே போய் இன்னொரு பாட்டில் எடுத்துவந்து பக்கத்துக் கோப்பையில் ஊற்றினார். 1989. இரண்டு கோப்பையையும் அதே துணியின் மேல் சாய்த்து வைத்தார். நிறத்தில் ஒரு இழைதான் வித்தியாசம். நெப்பியோலோ இளமையிலேயே நரைக்கிற சாதி. அதன் சாயம் மற்றத் திராட்சைகளைப் போலக் கெட்டியாக நிற்பதில்லை. சீக்கிரம் செங்கல்லுக்கு வந்துவிட்டு, அங்கேயே பல வருடம் உட்கார்ந்திருக்கும். பிரான்சின் போர்தோ ஒயின் குடித்துப் பழகிய கண்ணோடு போனால் இப்படித்தான் மூக்குடைபடும். 225 லிட்டர்ச் சிறு பீப்பாயில் போட்டால் நிறம் சற்று அதிகம் தங்கும். 80களிலும் 90களிலும் அந்த ஊர்களில் அப்பனும் மகனும் சண்டை போட்டது இந்தப் பீப்பாய் விஷயத்துக்காகத்தான். அது வேறு கதை, இழுத்தால் நீளும்.

89ஐ முகர்ந்தபோதுதான் வித்தியாசம் தெரிந்தது. இளையதில் ரோஜா பச்சையாக இருந்தது. மூத்ததில் ரோஜா, கொடிக்கால் ஈரமண், புகையிலை, கொஞ்சம் அதிமதுரம். வயது மூக்கில் இருந்தது, கண்ணில் இல்லை.

காற்று விஷயத்துக்கு வருகிறேன். அந்த 89ஐ அவர் அன்று காலையே திறந்து, பாட்டிலின் தோள்பட்டை வரை குறைய ஒரு வாய் ஊற்றிக் குடித்துவிட்டு, குளிர்ந்த அறையில் அப்படியே நிறுத்தியிருந்தார். நான் குடித்தது மாலை நாலு மணிக்கு. குடுவையும் இல்லை, அவசரமும் இல்லை. கோபுரவாசலின் ஜன்னல் திட்டு செய்ததும் ஏறக்குறைய இதே வேலைதான்.

அரைக்கோப்பை

நீங்கள் எல்லோரும் ஒயினைத் தப்பாகக் கணித்ததை எழுதுகிறீர்கள். நான் சரியாகக் கணித்துவிட்டு வாயை மூடிக்கொண்டவன். அதுதான் எனக்கு உறுத்தல்.

வெரோனா, 2015. என்னோடு வேலை செய்பவரின் மகளுக்குப் பதினெட்டாவது பிறந்தநாள். அவள் பிறந்த 1997இன் அமரோனே ஒயின். தெரிந்த குடும்பத்திடமிருந்து வாங்கிப் பதினைந்து வருடம் வீட்டு நிலவறையில் காத்திருக்கிறார். அமரோனேவுக்குத் திராட்சையை மாதக்கணக்கில் உலர்த்திச் சுருங்கவிட்டுத்தான் பிழிவார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். வற்றல்போல, அத்திப்பழம்போல, காப்பித்தூள்போல வாசனை எழுந்து வர வேண்டும். கோப்பையைத் தூக்கினேன். மழையில் நனைந்து, மூலையில் காயாமல் கிடந்த செய்தித்தாள் கட்டு. தக்கைக் கோளாறு. சந்தேகமே இல்லை. அதற்குக் காரணமான ரசாயனத்தின் ஒரு கிராமை நூறு கோடி பங்காக்கி அதில் சில பங்கு ஒரு லிட்டரில் இருந்தாலே மூக்குக்குத் தெரிந்துவிடும். உடம்புக்கு ஒன்றும் செய்யாது, ஆனால் பழத்தை எல்லாம் தின்றுவிடும். காற்று பட்டாலும் போகாது. நேரம் ஆக ஆக இன்னும் துருத்தும்.

அப்பா எழுந்து நின்றார். கண் கலங்கியிருந்தது. "எப்படி?" என்று மேசையைச் சுற்றிப் பார்த்தார். ஒவ்வொருவராகப் புகழ்ந்தார்கள். ஒருவர் "காட்டு மண் வாசனை" என்றுகூடச் சொன்னார். என் முறை வந்தது. "பெல்லிஸ்ஸிமோ", மிக அழகு, என்றேன்.

அப்போதுதான் எதிரில் அந்தப் பெண்ணைப் பார்த்தேன். கோப்பையை முகர்ந்து, மூக்கை ஒரு நொடி சுருக்கி, நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். நான் பொய் சொன்னது அவளுக்குத் தெரிந்துவிட்டது. அவள் அப்பாவைப் பார்த்துச் சிரித்துவிட்டு ஒரு சொட்டு விடாமல் குடித்தாள். நான் அரைக் கோப்பையோடு நிறுத்திக்கொண்டேன்.

அளவுகோல்

சொல்லியிருக்க வேண்டும். கெட்டதைப் புகழ்ந்தால் அவர் வாழ்நாள் முழுக்க அதையே நல்ல ஒயின் என்று நினைப்பார். பாலிதீன் தாளைக் கசக்கிக் குடுவைக்குள் போட்டுப் பத்து நிமிடம் வைத்தால் அந்த நாற்றத்தை ஓரளவு இழுத்துக்கொள்ளும். வாங்கிய இடத்தில் தெரிவித்து மாற்றுப் பாட்டில் கேட்கவும் வழி உண்டு.

கீரிமலைக்காரி

பதினெட்டாம் பிறந்தநாள் மேசையில் பாலிதீன் தாளா? ஐயா, நீங்கள் எங்கள் உணவகத்துக்கு வந்தால் தயவுசெய்து தண்ணீர் குடியுங்கள்.

மலைச்சரிவு

பதினைந்து வருடம் கழித்து எந்தக் கடையில் மாற்றித் தருவான்? அதுவும் தெரிந்த குடும்பத்திடம் போய்! அரைக்கோப்பை செய்தது சரி. ஆனால் "பெல்லிஸ்ஸிமோ" கொஞ்சம் அதிகம். "நன்றி, என்னையும் கூப்பிட்டீர்களே" என்று சொல்லித் தப்பித்திருக்கலாம்.

அரைக்கோப்பை

அந்த வாக்கியம் எனக்கு அன்று இரவு மூன்று மணிக்குத் தோன்றியது.

கோபுரவாசல்

எல்லோருக்கும் நன்றி. அளவுகோல், குளிர் விஷயம் உண்மைதான். நிலவறையிலிருந்து நேரே மேசைக்கு வந்தது. நண்பர் பேச்சைக் கேட்டதும் உண்மைதான், அது வலித்தது.

இரண்டாவது பாட்டில் இருக்கிறது என்று முதலிலேயே எழுதியிருந்தேன், ஒருவரும் அதைப் பற்றிக் கேட்கவில்லை. நேற்று எடுத்துப் பார்த்தேன். ஒயின் மட்டம் முதல் பாட்டிலைவிட ஒரு விரல் கீழே, தோள்பட்டையைத் தொட்டு நிற்கிறது. தக்கையின் ஒரு பக்கம் கசிந்த கறை. மலைச்சரிவு சொன்ன அண்ணன் தம்பிக் கணக்கில் இது எந்தப் பிள்ளை என்று தெரியவில்லை. இதற்கும் காலையிலேயே திறப்பது பொருந்துமா, இல்லை கீரிமலைக்காரி மாதிரி உடனே சரித்துவிடுவதா?

மலைச்சரிவு

மட்டம் குறைந்திருந்தால் காற்று ஏற்கெனவே உள்ளே போயிருக்கிறது. காலையில் திறக்க வேண்டாம். சாப்பாட்டுக்கு ஒரு மணி முன்னால் திறந்து ஒரு வாய் பாருங்கள், பிறகு அதுவே சொல்லும்.

அளவுகோல்

வேண்டவே வேண்டாம். உடனே திறந்து உடனே குடியுங்கள்.

கீரிமலைக்காரி

எப்படித் திறந்தாலும் ஒரு விரற்கடை ஜன்னல் திட்டில் வையுங்கள். இந்த முறை வேண்டுமென்றே.

கோபுரவாசல்

வியாழன் காலையிலிருந்து சமையலறை மேசையில் நிமிர்த்தி வைத்திருக்கிறேன். சனிக்கிழமை இரவு, நானும் மனைவியும் மட்டும். தீர்ப்புச் சொல்லும் நண்பர்களைக் கூப்பிடவில்லை. சற்று முன் கைவிளக்கைப் பின்னால் பிடித்துப் பார்த்தேன். மண்டி இன்னும் முழுக்க அடங்கவில்லை, ஒரு பக்கமாகப் படிந்துகொண்டிருக்கிறது.